எப்போது நிற்கிறது என்று கேளுங்கள்

பண்ருட்டிப் பக்கம் மரம் அறுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நின்னு நின்னு போவுதுண்ணா." கூடவே காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "கார்பரேட்டர் போச்சுன்னு நெனைக்கிறேன்." நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. எப்போது நிற்கிறது என்று கேட்கிறேன். ஸ்டார்ட் ஆன உடனேயா? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதா? அழுத்திய விரலை எடுத்ததுமா? கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகா? பக்கவாட்டில் சாய்க்கும்போதா? மரத்துக்குள் செயின் இறங்கிய பிறகா? இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெஷின் நிற்கும் நேரம்தான் பழுது இருக்கும் இடத்தைக் காட்டும். இத்தனை வருஷத்தில் நான் கற்றதன் சாரம் இதுதான்.

நான் தொழில் பழகியது ஸ்கூட்டரில். அந்தக் காலத்தில் லாம்பிரெட்டாவும் வெஸ்பாவும் ஓடாத தெரு கிடையாது. எல்லாம் டூ ஸ்ட்ரோக். கூடவே முந்திரித் தோப்புக்காரர்கள் மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயரைக் கொண்டுவருவார்கள். அதுவும் டூ ஸ்ட்ரோக். மரம் அறுக்கிற வேலை அப்போது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கும் வாளில் நடந்தது. பெரிய பலா மரம் ஒன்றை வீழ்த்தித் துண்டு போட ஒரு நாள் போய்விடும். பிறகு சவுக்குத் தோப்புகளுக்கு மெஷின் வரத் தொடங்கியது. மர வியாபாரிகள் வாங்கினார்கள்; பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் எங்கள் பட்டறைக்கு மெஷின் வந்தது.

என் மேஸ்திரி முதல் மெஷினை மேசையில் வைத்து, என்னைக் கார்பரேட்டரைக் கழற்றச் சொன்னார். "கிண்ணம் எங்கடா இருக்கு, காட்டு" என்றார். கிண்ணம் இல்லை. ஸ்கூட்டர் கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்க ஒரு கிண்ணம் இருக்கும். அதில் ஃப்ளோட் மிதக்கும். மட்டம் ஏறியதும் ஊசி வழியை அடைக்கும். வண்டி நேராக நிற்கும்வரைதான் அது வேலை செய்யும். மரம் அறுக்கிறவர் மெஷினைப் படுக்கப் போடுவார், மூக்கைக் கீழே குத்துவார், தலைக்குமேல் தூக்குவார். அங்கே கிண்ணத்துப் பெட்ரோல் நிற்காது. அதற்குப் பதில் இதில் இரண்டு மெல்லிய டயாஃப்ரம் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேசுக்குள் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி வரும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து முதல் டயாஃப்ரத்தை அசைக்கும். அது பம்பாகி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இரண்டாவது டயாஃப்ரம் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஊசியைத் திறந்து, எஞ்சினுக்கு வேண்டிய அளவை மட்டும் விடும். நெம்புகோலின் உயரம் சிறிது மாறினாலே பெட்ரோல் போதாமல் போகும், அல்லது வழிந்துவிடும். "இதுல எல்லாமே காத்தால நடக்குது. காத்து எங்க தப்பிச்சாலும் மெஷின் நிக்கும்" என்றார் மேஸ்திரி. இன்றுவரை அந்தச் சொல்லை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன்.

முதலில், ஓடிச் சூடாகி நிற்கும் மெஷின். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கால் மணி நேரம் நன்றாக அறுக்கும். பிறகு விக்கி நின்றுவிடும். எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு தம்பி இப்படி ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் கார்பரேட்டரை மாற்றியிருந்தார்கள். பிளக் மாற்றியிருந்தார்கள். பழுது அப்படியே இருந்தது. நான் அவரைத் தோப்புக்கே கூட்டிப் போகச் சொன்னேன். மெஷின் நின்ற அந்த நொடியில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியை மாட்டிக் கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று வென்ட் என்று ஒரு சின்ன வழி உண்டு. அதில் ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து அடைத்துவிட்டது. ஒரு பக்கத் துளையை மட்டும் போட்ட பால் டின்னைக் கவிழ்த்தால் பால் சொட்டாது, அதே கதைதான். வென்ட்டைச் சுத்தம் செய்ததோடு பழுது தீர்ந்தது.

மூடியைத் திறந்தும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில். சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, சிலிண்டர் உடம்பில் வைத்து, கயிற்றை இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் துளைப் பக்கம் பெட்ரோல் ஆவி இருக்கும். அதிலிருந்து தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்றில் விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, சாவகாசமாகச் சோதித்தால் கரண்ட் அழகாக வரும். பழுது எப்போது தெரியுமோ அப்போதுதான் சோதிக்க வேண்டும். பழைய மெஷின்களில் பாயிண்ட் இருந்தது; உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி வைத்துவிட்டால் தீர்ந்தது. எலெக்ட்ரானிக் காயில் வந்தபிறகு தேய்க்க ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் வென்ட்டைப் பார்க்காமல் காயிலுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. விடிந்தபோது எங்கள் வட்டாரமே வேறு ஊராக இருந்தது. தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்துவிட்டன. அந்தக் குடும்பங்களுக்கு அது வருமானம் மட்டுமல்ல. பிள்ளை படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்த மரங்களை நம்பித்தான் இருந்தது. அழுதுகொண்டே அறுத்தார்கள். மெஷினைக் கையால் தொட்டிராதவர்கள்கூட வாங்கினார்கள். என் கடை வாசலில் மெஷின்கள் வரிசையாகக் கிடந்தன. தொழில் பெரிதாக மாறியதும் அப்போதுதான். அதுவரை மெஷின் மர வியாபாரியிடம் இருந்தது. தானேவுக்குப் பிறகு ஊருக்கு ஊர் வந்துவிட்டது.

அந்த மாதங்களில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி ஏர் ஃபில்டரில் தொடங்கியது. ஈர மரத்தூள், பலாப் பிசின், ஆயில் மூன்றும் சேர்ந்து ஃபில்டர்மேல் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். காற்று குறையும், பெட்ரோல் மிகும். மெஷின் புகை கக்கும், பிளக் கருக்கும், இழுவை குறையும், நிற்கும். ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும். ஆனால் நிறையப் பேர் செய்தது வேறு. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கார்பரேட்டரில் எல், எச் என்று இரண்டு ஸ்க்ரூ இருந்தது. புகை வருகிறதே என்று எச் ஸ்க்ரூவை உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைத்தார்கள். மெஷின் நன்றாக ஓடியது. சில நாள் கழித்து வேறு யாரோ ஃபில்டரைக் கழுவினார்கள், அல்லது புதிது மாட்டினார்கள். இப்போது காற்று முழுதாக வருகிறது. பெட்ரோலோ குறைத்தது குறைத்தபடி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 12,000, 13,000 சுற்று சுற்றுகிற எஞ்சின் அதைத் தாங்காது. பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் பிடித்த ஒரு மெஷின் ஒரு விதவை அம்மாவுடையது. மகன் அதை வைத்து ஊரில் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தான். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். "ஃபில்டர் கழுவுனதுதான்ணா செஞ்சேன், வேற ஒண்ணுமே தொடல" என்றான் அவன். உண்மைதான். அவன் செய்தது நல்ல காரியம். கெடுதல் அதற்கு முன்பே திருகிய ஸ்க்ரூவில் இருந்தது. அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் கார்பரேட்டரைத் தொடுமுன் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பார்த்துவிடுகிறேன். இரண்டு போல்ட் வேலை. உள்ளே கீறல் இருந்தால் மேலே என்ன டியூனிங் செய்தும் பயனில்லை. வந்தவரிடம் செலவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்தச் சாக்கில் சைலன்சர் வாயில் இருக்கும் கம்பி வலையையும் பார்த்துவிடலாம். கரி அடைத்திருந்தால் ஐடிலிங்கில் ஓடும், முழு ஆக்ஸிலேட்டரில் மூச்சு முட்டி நிற்கும். ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுகிறவர்களின் மெஷினில் இது அடிக்கடி வரும். நல்ல டூ-டி ஆயிலாக இருந்து கையேடும் ஒப்புக்கொண்டால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்று சொல்லும் மெஷினுக்கு 40 மில்லி. அளவுக் குப்பி இல்லையென்றால் மருந்துக்கடை சிரிஞ்சு போதும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் பகுதி ஆட்கள் மெஷின்களோடு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போனார்கள். தானேயில் அனுபவப்பட்டவர்கள், சும்மா இருக்க மனம் வரவில்லை. நானும் கருவிப் பெட்டியோடு போனேன். அங்கே கேட்ட புகார் புதிது: "சும்மா வுட்டா நல்லா ஓடுது, மரத்துல வச்சா நின்னுடுது." கார்பரேட்டர்மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். நான் தரையில் கிடந்த தூளைக் கையில் அள்ளிப் பார்த்தேன். கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாக வெளியே தள்ளும். அங்கே கிடந்தது மாவு. சாய்ந்த தென்னை மணலில் கிடக்கிறது. அடிவரை அறுக்கும்போது செயின் மணலில் இறங்கிவிடுகிறது. ஒரு நொடி மணலைத் தொட்டால் பல்லின் முனை போய்விடும். மழுங்கிய செயினை ஆள் தன் பலத்தால் அழுத்துவார். எஞ்சின் திணறி நிற்கும். போதாததற்குத் தென்னையின் ஈர நார் கவருக்குள் திணிந்து, கிளட்ச் டிரம்மைச் சுற்றி இறுக்கியிருந்தது. கவரைக் கழற்றி நாரை எடுத்து, அரத்தால் பல்லைத் தீட்டி, செயினைக் கையால் இழுத்துத் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். எஞ்சினில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. மரத்தின் கீழே ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு அறுங்கள் என்று சொன்னதுதான் அங்கே நான் செய்த பெரிய ரிப்பேர்.

சாய்த்தால் நிற்கும் மெஷின்கள் வேறு வகை. விலை மலிந்த 52, 58 சிசி மெஷின்கள் வந்தபிறகு இது மிகுந்தது. மலிவு என்பதற்காக அவற்றை நான் ஒதுக்குவதில்லை; கூலிக்காரர் ஒருவர் சொந்த மெஷின் வைத்துக்கொள்ள அவைதான் வழிவிட்டன. ஆனால் அவற்றின் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதில் மயிரிழை விரிசல் விட்டால், மெஷினைத் திருப்பும்போது அது வாய் திறந்து காற்றை இழுக்கும். ஐடிலிங் ஏறி இறங்கும், திடீரென்று வேகமெடுக்கும், நிற்கும். கிராங்க் சீல் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். சாய்க்கும்போது நிற்க இன்னொரு எளிய காரணமும் உண்டு: டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் குழாய் விறைத்துப்போய், நுனியில் உள்ள ஃபில்டர் பெட்ரோல் இருக்கும் பக்கம் சரியாமல் காற்றில் நிற்கும். ஒரு கம்பிக் கொக்கியால் அதை வெளியே இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்று இழுப்பதை ஊகத்தில் சொல்லக் கூடாது. சிலிண்டரில் கார்பரேட்டர் பக்க வாயையும் சைலன்சர் துளையையும் ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி, கைப்பம்பால் அரை பார் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பேன். நுரை பொங்கும் இடம் பழுது. சில சீல்கள் அழுத்தத்தில் தாங்கும், உறிஞ்சலில் விட்டுக்கொடுக்கும். அதனால் பம்பை மாற்றிப் போட்டு உறிஞ்சியும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் ஆகும். இதைச் செய்யாமல் புதுக் கார்பரேட்டர் மாட்டி அனுப்பினால், இரண்டாவது வாரம் அதே மெஷின் பிஸ்டன் கீறலோடு திரும்பி வரும்.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலாக வந்திருப்பது பெட்ரோல் பிரச்சினை. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பு எட்டியது. அடுத்த ஆண்டு 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. மெஷின் கையேடுகள் பலவற்றில் எழுதியிருக்கும் உச்ச அளவு 10 சதவீதம். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் அரைகுறையாக நிரப்பிய கேன் மாதக்கணக்கில் கிடந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் படியும். ஃபில்டர் இருப்பதும் டேங்கின் அடியில்தான். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, ஆயிலில்லாத அந்த அடித்தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். டயாஃப்ரமும் விறைத்துப்போகும். விரலால் அழுத்தினால் துணிபோல் வளைய வேண்டியது, படபடவென்று சத்தம் போடும். அந்த மெஷின் ஐடிலிங்கில் ஓடும். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பெட்ரோல் எட்டாமல் நிற்கும். டயாஃப்ரம் கிட் மாற்றினால் சரியாகிவிடும். அதற்கும் மேலாக நான் சொல்வது: அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், வேலை முடிந்து மெஷினைக் கட்டி வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

கார்பரேட்டரைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் மெஷின்களும் வந்துவிட்டன. ஸ்டில் நிறுவனம் அதை எம்-ட்ரானிக் என்கிறது, ஹஸ்க்வர்னா ஆட்டோ டியூன் என்கிறது. காற்றும் சூடும் மாறுவதற்கு ஏற்ப அதுவே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். திருக ஸ்க்ரூ இல்லை. நான் இதை வரவேற்கிறேன். கண்டபடி திருகிப் பிஸ்டனைக் கொல்லும் பழக்கத்துக்கு இது முடிவு கட்டும். ஆனால் வென்ட் அடைத்தால் அதுவும் நிற்கும். சீல் போனால் அதுவும் நிற்கும். மணலில் இறங்கினால் அதன் செயினும் மழுங்கும். எப்போது நிற்கிறது என்ற கேள்வி அதற்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிற்கிற மெஷினை நிற்காமல் செய்ய ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டால் போதும். வென்ட், டயாஃப்ரம், சீல் எதையும் பார்க்க வேண்டாம். வாடிக்கையாளர் கண்முன்னே மெஷின் நிற்காமல் ஓடும், காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். ஆனால் ஐடிலிங் ஏறினால் கிளட்ச் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். விரலை எடுத்த பிறகும் செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுத்து முடித்தவர் மெஷினை இறக்கித் தொடைப் பக்கம் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடப்பார். மரத்தின்மேல் கயிற்றில் தொங்குகிறவர் மெஷினை இடுப்பருகே விட்டுவிட்டுக் கிளையைப் பிடிப்பார். அவர்கள் கால் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் என் கடையில் வேலை பழகும் பையன்களுக்கு ஒரே கட்டளை. ரிப்பேர் முடிந்ததும் மெஷினை ஸ்டார்ட் செய்து சூடாக்கு, விரலை எடு, நேராக வை, இரு பக்கமும் சாய், மூக்கைக் கீழே காட்டு. நான்கு நிலையிலும் எஞ்சின் ஓட வேண்டும், செயின் அசையக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் ரிப்பேர் முடிந்தது. ஒன்று நடந்து மற்றொன்று நடக்காவிட்டால் மெஷினை மறுபடி மேசையில் ஏற்று.